உடம்பு கொதிக்கும்போது குளிர்வது ஏன்?

காய்ச்சல் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வந்திருக்கின்றன. தெர்மாமீட்டர் 102 காட்டுகிறது, ஆனால் போர்வைக்குள்ளும் பல் தந்தியடிக்கிறதே, ஏன்? கிருமி தொண்டையிலோ சிறுநீர்ப் பாதையிலோ இருக்கிறது. தலைக்குள் இருக்கும் மூளைக்கு யார் போய்ச் சொல்கிறார்கள்? சைட்டோகைன்கள் (காவல் செல்கள் விடும் சேதிப் புரதங்கள்) என்றால், அவை ரத்த-மூளைத் தடுப்பை, அதாவது ரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் எளிதில் நுழையாதபடி காக்கும் நாளச் சுவரை, தாண்டாது என்று படித்தேனே? கடைசியாக, பாராசிட்டமால் இதில் எங்கே குறுக்கே புகுகிறது?

நடுக் கேள்விதான் கெட்டிக்காரத்தனமான கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் மூன்றாவது தானாகத் தீர்ந்துவிடும். ஆனால் முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அந்தக் குளிரில்தான் முழுக் கதையும் ஒளிந்திருக்கிறது.

காய்ச்சல் ஏறும் அந்த முதல் அரை மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். விரல் நுனிகள் சில்லிட்டுப் போகின்றன. நகம் வெளுக்கிறது. ரோமம் சிலிர்க்கிறது. கால்களைச் சுருட்டி மார்போடு ஒட்டிக்கொண்டு படுக்கத் தோன்றுகிறது. மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறோம். பிறகு தாடை நடுங்கத் தொடங்கி, தோள், தொடை என்று பரவுகிறது. அந்த நேரத்தில் நெற்றியைத் தொட்டால் சுடும், பாதத்தைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும். இதில் ஒன்றுகூடக் கிருமி செய்கிற வேலை இல்லை. பனிக்காலத்தில் வெளியே நின்றால் உடம்பு என்னென்ன செய்யுமோ அதைத்தான் வரிசை மாறாமல் செய்கிறது. தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து வெப்பத்தை உள்ளே பூட்டுகிறது; தசையை நடுங்கவைத்து வெப்பத்தை உண்டாக்குகிறது. அறையில் குளிர் இல்லை. "37 போதாது, 39 வேண்டும்" என்று மூளை தீர்மானித்துவிட்டது (இவை செல்சியஸ் கணக்கு; 39 என்றால் தெர்மாமீட்டரின் 102 ஃபாரன்ஹீட்). அந்தக் கணக்குக்கு 37.5 என்பது குளிர்தான். அதனால் குளிர்கிறது.

இதைச் சொல்லும்போது மூளைக்குள் ஒரு தெர்மோஸ்டாட் இருப்பதாகவும், அதன் முள்ளை யாரோ திருகிவிட்டதாகவும் சொல்வது வழக்கம். பாடம் நடத்தும்போது நானும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். ஆனால் 39 என்று எழுதிவைத்த முள் மூளையில் எங்கும் இல்லை. அங்கே இருப்பவை வெப்பத்தை உணரும் நரம்பு செல்கள், அவை விடுகிற கட்டளைகள், அவ்வளவே. இதற்குப் பின்னால் வருகிறேன். இப்போதைக்கு ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வெயிலில் வேலை செய்து மயங்கி விழுபவரின் உடம்பும் 41 காட்டலாம், ஆனால் அது காய்ச்சல் அல்ல. அங்கே மூளை 37 தான் கேட்கிறது. உடம்பால் வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை. அதனால்தான் வெப்பத்தாக்கில் பாராசிட்டமால் உதவாது. தண்ணீர், ஐஸ், காற்று என்று உடம்பை வெளியிலிருந்து உடனே குளிர்விக்க வேண்டும். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு நோய்.

மூளையை இப்படித் தீர்மானிக்க வைத்தது யார்? கிருமியின் நஞ்சு நேராக மூளையைச் சுடுகிறது என்று வெகுகாலம் நினைத்தார்கள். அதில் பாதி உண்மை உண்டு. சில பாக்டீரியாக்களின் வெளியுறையில் எண்டோடாக்சின் என்ற கொழுப்பு-சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அதில் துளி போதும், காய்ச்சல் வரும். 1920களில் ஃபுளோரன்ஸ் சைபெர்ட் காட்டியது இதைத்தான்: ஊசி போட்ட பிறகு காரணமில்லாமல் வந்துகொண்டிருந்த காய்ச்சலுக்கு, காய்ச்சி வடித்த நீரிலும் ஒட்டிக்கொண்டிருந்த பாக்டீரியாப் பொருள்தான் காரணம். கொதிக்கவைத்தாலும் அது சாகாது, ஏனென்றால் அதற்கு உயிரே கிடையாது. இன்று ஊசி மருந்துகளும் சலைனும் 'பைரஜன் இல்லை', அதாவது காய்ச்சல் தரும் பொருள் இல்லை, என்று சோதிக்கப்பட்ட பிறகே வெளியே வருவதன் வேர் இங்கே இருக்கிறது.

மீதிப் பாதியை 1948ல் பால் பீசன் கண்டார். முயலின் வெள்ளணுக்களிலிருந்து எடுத்த சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தினால் காய்ச்சல் வந்தது. உடனே எழும் சந்தேகம், சாற்றில் எண்டோடாக்சின் கலந்திருக்குமோ என்பது. அந்தக் காலத்து ஆய்வகங்களில் அது எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் சனியன். ஆனால் இரண்டுக்கும் குணம் வேறு. எண்டோடாக்சின் சூட்டுக்கு அசையாது. வெள்ளணுப் பொருள் சூடுபட்டால் செயலிழந்துவிடும். எண்டோடாக்சினைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடம்பு பழகிக்கொள்ளும். வெள்ளணுப் பொருளுக்கு அப்படிப் பழகுவதில்லை. சூட்டில் கெடுகிறது என்றால் புரதமாக இருக்க வேண்டும், அதுவும் நம் உடம்பே செய்யும் புரதம். ஆக, கிருமி வந்ததற்குக் காய்ச்சலை வரவழைப்பது கிருமி அல்ல, நம் காவல் செல்களே என்ற எண்ணம் இங்கிருந்து வேரூன்றியது.

அந்தப் புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க மேலும் முப்பது வருடங்கள் ஆயின. 1977ல் சார்லஸ் டினரெல்லோவும் அவரோடு வேலை செய்தவர்களும் மனித வெள்ளணுக்களிலிருந்து அதைத் தூய்மைப்படுத்தினார்கள். நானோகிராம் கணக்கில் கொடுத்தாலே முயலுக்குக் காய்ச்சல் வந்தது. நானோகிராம் என்றால் ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்பம் இத்தனை பெரிய வேலையைச் செய்யுமா என்று நம்பாதவர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். இன்று அதை இன்டர்லூகின்-1 என்கிறோம். பிறகு டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 என்று கூட்டாளிகள் சேர்ந்தன. இவற்றின் பொதுப்பெயர்தான் சைட்டோகைன்: ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதிப் புரதம்.

சங்கிலி இப்படிப் போகிறது. திசுக்களில் உலவும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களின் மேற்பரப்பிலும் உள்ளேயும் கிருமிகளை அடையாளம் காணும் ஏற்பிகள் உண்டு. எண்டோடாக்சினுக்கு டிஎல்ஆர்-4, வைரஸின் மரபணுப் பொருளுக்கு வேறு சில. ஏற்பியில் ஏதாவது மாட்டியதும் செல்லின் உட்கருவில் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன, சைட்டோகைன்கள் தயாராகி ரத்தத்தில் இறங்குகின்றன. புரதம் செய்யப் பொழுது வேண்டும். தன்னார்வலர்களுக்கு எண்டோடாக்சினை ரத்தத்தில் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், முதல் ஒரு மணி நேரம் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. பிறகுதான் குளிர் வருகிறது. மூன்று, நான்கு மணி நேரத்தில் காய்ச்சல் உச்சத்தைத் தொடுகிறது. அந்த ஒரு மணி நேர அமைதிக்குள் உடம்பில் எத்தனை பட்டறைகள் இயங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னமும் வியப்பு.

இனி உங்கள் நடுக் கேள்வி. சைட்டோகைன்கள் ரத்தத்தில் வந்தாயிற்று, மூளையின் நாளங்கள் வரைக்கும் வந்தாயிற்று. ஆனால் உள்ளே போக வழி இல்லை. உடம்பின் மற்ற இடங்களில் நுண்நாளங்களின் சுவரில் இடுக்குகள் இருக்கும். மூளையில் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று தையல் போட்டது போல் இறுக்கமாக ஒட்டியிருக்கின்றன. இன்டர்லூகின்-1 என்பது மூலக்கூறு எடை சுமார் 17,000 உள்ள புரதம். அந்தத் தையலுக்குள் நுழைய அதற்கு இடமில்லை. கொஞ்சம் சைட்டோகைனைச் சுவரே தூக்கிக் கடத்துவதும் உண்டு, ஆனால் அது சொற்பம். நீங்கள் படித்தது சரி.

சேதி உள்ளே போக, சேதி கொண்டுவந்தவரும் உள்ளே போக வேண்டியதில்லை. வாசலில் நிற்பவர் வாங்கி, வேறு மொழியில் உள்ளே சொன்னால் போதும். இங்கே வாசல் என்பது சுவரேதான்.

அந்தச் சுவரின் ஒரு செல்லை அருகில் பார்ப்போம். தரையில் பதிக்கும் ஓடு போல தட்டையாக விரிந்திருக்கிறது. ஒரு பக்கம் ரத்தம் ஓடுகிறது, மறுபக்கம் மூளைத் திசு. ரத்தப் பக்கத்தில் இன்டர்லூகின்-1க்கும் இன்டர்லூகின்-6க்கும் ஏற்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சைட்டோகைன் வந்து அமர்ந்ததும் செல்லுக்குள் தொடர்சேதி ஓடி உட்கருவைத் தட்டுகிறது. வழக்கமாக உறங்கிக்கிடக்கும் ஒரு மரபணு எழுந்து காக்ஸ்-2 என்ற நொதியைத் தயாரிக்க உத்தரவிடுகிறது. காய்ச்சல் ஏற்றிய எலியின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, இந்த நொதிக்குச் சாயமேற்றிப் பார்த்திருக்கிறார்கள். நாளச் சுவரின் செல்களில் உட்கருவைச் சுற்றி வளையம் வளையமாக அது மின்னும். அதே செல்களில், அதே வளையத்தில் எம்பிஜிஇஎஸ்-1 என்ற இன்னொரு நொதியும் இருக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்பவை. செல்சவ்வின் கொழுப்பிலிருந்து பிரிந்துவரும் அராகிடானிக் அமிலத்தைக் காக்ஸ்-2 வாங்கி அரைகுறைப் பொருளாக்கிக் கொடுக்கிறது. எம்பிஜிஇஎஸ்-1 அதை முடித்து புரோஸ்டாகிளாண்டின் ஈ2 ஆக்குகிறது.

இந்த ஈ2 ஒரு புரதம் அல்ல, கொழுப்பு அமிலத்திலிருந்து வந்த சின்னஞ்சிறு மூலக்கூறு. எடை 352. இன்டர்லூகின்-1ன் ஐம்பதில் ஒரு பங்கு. செல்லின் மறுபக்கமாக வெளிப்பட்டு மூளைத் திசுவுக்குள் பரவுகிறது. புரதச் சேதி சுவரில் நின்றுவிடுகிறது, கொழுப்புச் சேதி உள்ளே தொடர்கிறது. என்னைக் கேட்டால், காய்ச்சல் என்ற நிகழ்ச்சியின் கீல் இந்த இடம்தான். பாராசிட்டமாலும் ஆஸ்பிரினும் கைவைப்பது இங்கேதான்.

இது ஊகம் இல்லை, பல கோணங்களிலிருந்து சோதித்த விஷயம். 1970ல் மில்ட்டன், வெண்ட்லாண்ட் இருவரும் பூனையின் மூளைக்குள் இருக்கும் திரவ அறையில் புரோஸ்டாகிளாண்டினைச் சிறு அளவில் செலுத்தினார்கள். காய்ச்சல் நிமிடக் கணக்கில் வந்துவிட்டது. மணிக்கணக்கில் காத்திருக்கவே இல்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடித்து இழுத்தால் தாமதம் ஏது? அடுத்த வருடமே, 1971ல், ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று ஜான் வேன் காட்டினார். 1899லிருந்து விற்றுவந்த ஒரு மாத்திரை ஏன் காய்ச்சலைக் குறைக்கிறது என்பதற்கு அன்றுதான் விடை கிடைத்தது. 1982ல் அவருக்கு பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகியோருடன் நோபல் பரிசு. பிறகு மரபணு நீக்கிய எலிகள் வந்தன. காக்ஸ்-2 இல்லாத எலிக்கும் எம்பிஜிஇஎஸ்-1 இல்லாத எலிக்கும் எண்டோடாக்சின் கொடுத்தால் காய்ச்சல் வருவதில்லை. 1998ல், ஈ2வை ஏற்கும் நான்கு ஏற்பிகளில் ஈபி3 ஒன்றை மட்டும் நீக்கிய எலிகளுக்கும் காய்ச்சல் வரவில்லை. மூன்று வேறு வேறு கண்ணிகளை அறுத்தும் ஒரே முடிவு.

ஈபி3 எங்கே இருக்கிறது? மூளையின் அடித்தளத்தில், ஹைப்போதாலமஸின் முன்முனையில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே பிரீஆப்டிக் பகுதி என்று ஒன்று உண்டு. 2007ல் அந்த ஏற்பியை அதன் நடுக்கருவில் மட்டும் நீக்கிப் பார்த்தார்கள்; அது போதும், காய்ச்சல் அடங்கிவிட்டது. தெர்மோஸ்டாட் முள் என்று சொன்னேனே, அதன் உண்மையான இடம் இதுதான். உண்மையில் நடப்பது முள்ளைத் திருகுவதைவிட அழகானது. அங்குள்ள செல்களில் பல, உடம்பின் வெப்பம் ஏற ஏறச் சுறுசுறுப்பாகி, வெப்பம் உண்டாக்கும் கீழ்நிலை நரம்புகளை அடக்கிவைத்துக்கொண்டே இருக்கும். சரிவில் நிற்கும் வண்டியின் பிரேக்கை யாரோ ஓயாமல் மிதித்துக்கொண்டிருப்பது போல. ஈ2 வந்து ஈபி3யில் அமர்ந்ததும் அந்த செல்கள் அடங்குகின்றன. கால் பிரேக்கிலிருந்து எழுகிறது. வண்டி தானே உருள்கிறது. காய்ச்சலுக்கென்று தனியாக ஒரு இயந்திரம் தேவையே இல்லை. குளிர் காலத்துக்காக ஏற்கெனவே இருக்கும் இயந்திரம்தான் கட்டவிழ்கிறது.

கட்டவிழ்ந்த உத்தரவு மூளைத்தண்டில் ராஃபே பேலிடஸ் என்ற சிறு கூட்டத்துக்கு வருகிறது. அங்கிருந்து பரிவு நரம்புகள் வழியாகத் தோலின் நாளங்கள் சுருங்குகின்றன: சில்லிட்ட விரல்கள். வெப்பம் உண்டாக்கவென்றே இருக்கும் பழுப்புக் கொழுப்பு எரிகிறது, குறிப்பாகக் கைக்குழந்தைகளிடம் இது அதிகம். தசைக்குப் போகும் நரம்புகள் வழியாக நடுக்கம். ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் உடம்பின் எரிசக்திச் செலவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. காய்ச்சல் விட்ட பிறகு ஓட்டப்பந்தயம் ஓடியதுபோல உடம்பு அலுத்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவர் வழி ஒன்றே வழி என்று நினைத்துவிட வேண்டாம். பிரீஆப்டிக் பகுதியை ஒட்டியே ஓவிஎல்டி என்ற ஒரு பொட்டு இருக்கிறது. அங்கே நாளச் சுவரில் தையல் தளர்வு, ரத்தத்தில் உள்ளவை எளிதில் கசியும். ஒரு காலத்தில் அந்த ஜன்னல்தான் முழுப் பதிலும் என்று நினைத்தார்கள். மேலும், காய்ச்சலின் முதல் அலை மூளையின் காக்ஸ்-2 தயாராவதற்கு முன்பே வந்துவிடுகிறது. கல்லீரலிலும் நுரையீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ்கள் உண்டாக்கும் ஈ2 ரத்தத்தில் மிதந்து மூளையை எட்டுவது அந்த முதல் அலைக்குக் காரணம். வேகஸ் நரம்பு வழியாகவும் வயிற்றுப் பக்கத்துச் சேதிகள் போகின்றன, முக்கியமாகச் சிறு அளவு நோய்த்தொற்றில். 2023ல் ஸ்டீபன் லிபர்லஸின் குழு எலிகளில் காட்டியது சுவாரசியமானது: இன்ஃப்ளுயன்சா வந்தபோது தொண்டையை ஒட்டிய நரம்பில் ஈபி3 ஏந்திய ஒரு சிறு கூட்ட நரம்பு செல்கள் புரோஸ்டாகிளாண்டினை மோப்பம்பிடித்து மூளைக்குச் சொல்கின்றன. அந்த செல்களை நீக்கினால் நோயுற்ற எலி கூடுதலாகச் சாப்பிடுகிறது, கூடுதலாக நடமாடுகிறது. அங்கே அளந்தது காய்ச்சலை அல்ல, பசியின்மையையும் சோர்வையும்.

அதுவும் ஒரே குடும்பக் கதைதான். காய்ச்சலோடு வரும் மற்றவற்றை எண்ணிப் பாருங்கள்: சாப்பாடு பிடிக்காது, யாரோடும் பேசப் பிடிக்காது, தூக்கம் தூக்கமாக வரும், கைகால் குடையும், சின்னச் சத்தமும் எரிச்சல். இவை உடம்பு 'பலவீனமாகி'விட்டதன் விளைவு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் தொற்று எதுவும் இல்லாத எலிக்கு இன்டர்லூகின்-1 மட்டும் கொடுத்தாலே அது மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். மூளை எடுத்த ஒரு நிலை அது. 2022ல் கேதரின் டுலாக்கின் குழு, பிரீஆப்டிக் பகுதியின் அடிப்பக்கத்தில் ஒரு நரம்பு செல் கூட்டத்தைக் கண்டது. எண்டோடாக்சின் கொடுத்தால் அது விழித்துக்கொள்கிறது. அதைத் தூண்டினால் உடல் வெப்பம் ஏறுகிறது, பசி அடங்குகிறது, எலி சூடான இடத்தைத் தேடிப் போகிறது. போர்வைக்கு ஏங்குகிற அந்த ஏக்கத்துக்கும் ஒரு முகவரி இருக்கிறது.

சைட்டோகைன்களில் யார் தலைவர் என்று கேட்டால் சட்டென்று சொல்ல முடியாது. இன்டர்லூகின்-6 இல்லாத எலிக்கு இன்டர்லூகின்-1 கொடுத்தாலும் காய்ச்சல் வராது. ஆக 1 பேசினாலும் 6 கூட நிற்க வேண்டியிருக்கிறது. இதன் நடைமுறைப் பக்கத்தை மருத்துவமனைகளில் பார்க்கலாம். புற்றுநோய்க்குத் தரும் கார்-டி செல் சிகிச்சையில் டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் ஒரேயடியாக விழித்தெழும்போது சைட்டோகைன்கள் பெருகி, கடும் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வருவதுண்டு. அப்போது இன்டர்லூகின்-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் கொடுக்கிறார்கள். பல நேரங்களில் சில மணிநேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மூட்டுவாதத்துக்காக அதே மருந்தை எடுத்துவருபவருக்கு உள்ளே கடும் தொற்று இருந்தும் காய்ச்சலே தலைகாட்டாமல் போகலாம். "ஜுரம் இல்லையே, பயப்பட ஒன்றுமில்லை" என்பது அவர்களிடம் செல்லாது. வயதானவர்களிடமும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நிமோனியா இருந்தும் 37.5ஐத் தாண்டாதவர்கள் உண்டு. எதிர்முனையில், மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி வந்தாலே வீட்டில் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மலேரியாவில் இதே சங்கிலியைக் கடிகாரம் போலப் பார்க்கலாம். வைவாக்ஸ் ஒட்டுண்ணிகள் சிவப்பணுக்களுக்குள் பெருகி, சுமார் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவருகின்றன. அந்தச் சிதறலில் வெளிப்படும் பொருள்கள் வெள்ளணுக்களைத் தட்டி எழுப்ப, டிஎன்எஃப் உள்ளிட்டவை ரத்தத்தில் ஏற, ஒன்றுவிட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல்.

காய்ச்சல் ஏறிக்கொண்டே போய் மூளையைக் கொதிக்கவைத்துவிடாதா என்ற பயம் பலருக்கும் உண்டு, குறிப்பாகப் பெற்றோருக்கு. தொற்றினால் வரும் காய்ச்சல் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அபூர்வம். ஏற்றிவிடும் சங்கிலியோடு இறக்கிவைக்கும் சங்கிலியும் சேர்ந்தே ஓடுகிறது: இன்டர்லூகின்-10 போன்ற அடக்கும் சைட்டோகைன்கள், மூளைக்குள் சுரக்கும் வாசோபிரசின், உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசால். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 2 முதல் 5 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருவது உண்மை. பார்க்க பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும், மூளையைக் கெடுப்பதும் இல்லை. காய்ச்சல் மாத்திரை கொடுப்பதால் அந்த வலிப்பைத் தடுக்க முடிவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முதல் வலிப்பு என்றால், அல்லது ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், மருத்துவமனைக்குப் போவதுதான் சரி.

இவ்வளவு செலவு செய்து உடம்பு ஏன் சூடேற்றிக்கொள்கிறது? தன்னால் சூடேற்றிக்கொள்ள முடியாத பிராணியிடம் இதற்குத் தெளிவான பதில் கிடைத்தது. பாலைவன இகுவானா என்ற பல்லியினம் தன் வெப்பத்தை வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 1970களின் நடுவில் மேத்யூ க்ளூகரும் அவரோடு வேலை செய்தவர்களும் அவற்றுக்கு பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். நோயுற்ற பல்லிகள் விளக்கடியில் சூடான இடத்துக்கு நகர்ந்து உடம்பை இரண்டு டிகிரி போலக் கூட்டிக்கொண்டன. சூட்டில் வைக்கப்பட்டவை அதிகம் பிழைத்தன, குளிரில் வைக்கப்பட்டவை அதிகம் செத்தன. ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து கொடுத்துப் பார்த்தபோது, மருந்தையும் மீறி வெப்பம் ஏற்றிக்கொண்டவை பிழைத்தன, ஏற்றாதவை செத்தன. நடுக்கம்கூடத் தேவைப்படவில்லை. நடந்து போய் ஒரு இடத்தில் உட்காரும் ஆசை மட்டும் போதுமாயிருந்தது.

அதை வைத்துக்கொண்டு மனிதருக்கு மாத்திரையே கூடாது என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2015ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தொற்றோடு காய்ச்சலும் இருந்த 700 பேருக்குப் பாராசிட்டமாலோ வெற்று மருந்தோ கொடுத்துப் பார்த்தார்கள். தீவிர சிகிச்சைக்கு வெளியே கழித்த நாட்களில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மாத்திரை ஆளைக் காப்பாற்றவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. ஆகவே எண்ணைப் பார்த்து மருந்து கொடுப்பதைவிட ஆளைப் பார்த்துக் கொடுப்பது புத்திசாலித்தனம்: தலைவலி தாங்கவில்லை, குழந்தை தண்ணீர் குடிக்க மறுக்கிறது, தூங்க முடியவில்லை என்றால் கொடுங்கள். விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பிடித்து வைத்து 101ஐ 99 ஆக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம். வைரஸ் காய்ச்சலில் ரேய் நோய் என்ற கல்லீரல்-மூளைப் பாதிப்பு வரக்கூடும்.

இனி உங்கள் மூன்றாம் கேள்வி. பாராசிட்டமால் கிருமியைத் தொடுவதில்லை, சைட்டோகைனையும் தொடுவதில்லை. ரத்தத்தில் இன்டர்லூகின் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மாத்திரை செய்வது, காக்ஸ் நொதியின் கையைக் கட்டி மூளையில் ஈ2 உற்பத்தியைக் குறைப்பது. புரோஸ்டாகிளாண்டினை நேராக மூளைக்குள் செலுத்தி வரவழைத்த காய்ச்சலை இந்த மாத்திரைகளால் இறக்க முடியாது என்பதும் அதனால்தான்; கட்ட வேண்டிய கையைத் தாண்டி வேலை முடிந்துவிட்டது. ஈ2 குறைய, பிரேக்கின் மேல் கால் மறுபடி படிகிறது. இப்போது மூளைக்கு 39 என்பது வேண்டாத சூடு. தோலின் நாளங்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கிறது, போர்வையை உதைத்துத் தள்ளுகிறோம். ஈரத்துணியால் துடைப்பதற்கு ஏதாவது பயன் இருந்தால் அது இந்தக் கட்டத்தில்தான். மூளை இன்னும் 39 கேட்டுக்கொண்டிருக்கும்போது, குளிர்ந்த நீரை ஊற்றினால் அது நடுக்கத்தைக் கூட்டித் தன் இலக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். நோயாளிக்கு அவஸ்தைதான் மிச்சம்.

நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் மருந்து ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். தொற்று இன்னும் ஓயவில்லை என்றால், நாளச் சுவரின் ரத்தப் பக்கத்தில் சைட்டோகைன்கள் காத்துக்கொண்டுதான் இருக்கின்றன. நொதியின் கட்டு அவிழ்கிறது, ஈ2 மறுபடி கசிகிறது. முதலில் விரல் நுனிகள் சில்லிடும்.